இரும்புக்காலும் வெந்நீரும்

கொல்லிமலை முழுவதற்கும் முள் குத்தாத கால் ஒரே ஒருவருக்குத்தான் வாய்த்திருந்தது. மலையில் அரியூர் நாட்டு ஊர்களில் அவரை இரும்புக்கால் என்றே அழைத்தார்கள். அவர் வீட்டை ஒட்டிய அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பக்கத்துப் பள்ளியில் வாத்தியார் வேலை. கடைசிவரை அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவே இல்லை.

மிளகுத் தோட்டத்தில் செருப்பில்லாமல்தான் நடப்பார். வியாபாரியோடு விலை பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது, "காலுல முள்ளுங்க" என்பார்கள். குனிந்து பிடுங்கி எறிந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடருவார். வியாபாரியின் முகம்தான் வலியில் சுருங்கும்.

செம்மேட்டுச் சந்தைக்குப் போனால் மட்டும் மரியாதைக்கு ரப்பர் செருப்பு. ஒருநாள் ஒற்றைச் செருப்பு எங்கேயோ கழன்றுவிட, மற்றதோடு பாதிச் சந்தையைச் சுற்றியிருக்கிறார். டீக்கடைக்காரர் சொல்லித்தான் குனிந்து பார்த்தார். "செருப்பு போனா என்னங்க, காலு இருக்குதில்ல" என்று டீயை வாங்கிக்கொண்டார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவருக்குச் சர்க்கரை நோய் பல வருடமாக உண்டு. ஞாபகம் வந்தால் மாத்திரை. காலைக் கவனியுங்கள் என்றால், "சக்கர ரத்தத்துல இருக்குது, காலுக்கும் அதுக்கும் என்னுங்க சம்மந்தம்?" என்பார். பாதத்தில் காய்ப்பு தடித்தால் சவர பிளேடால் சீவுவார். ரத்தம் வந்தாலும் மனிதர் முணுமுணுக்கும் பாட்டை நிறுத்த மாட்டார்.

ஒரு மார்கழிக் காலை. அவர் மனைவி வெந்நீரைப் பக்கெட்டில் ஊற்றிவிட்டு, விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர் எடுக்கப் போனார். அதற்குள் இவர் இரண்டு காலையும் உள்ளே விட்டுவிட்டார்.

"ஏனுங்க, இன்னும் விளாவலைங்க."

"அட, பச்சத்தண்ணியாட்டந்தான் இருக்குது புள்ள."

அந்த அம்மா சந்தேகத்தோடு விரலை விட்டார், அலறிக்கொண்டு எடுத்தார். கால்களை வெளியே தூக்கியபோது தோல் கொப்பளித்திருந்தது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். நர்ஸ் இளம்பெண். புண்ணுக்குக் கட்டுப் போட்டபின் அவரைக் கண்ணை மூடச் சொன்னாள். "புண்ணு இல்லாத எடத்துல நூலால தொடுவேனுங்க. தொடறப்பச் சொல்லுங்க."

இரும்புக்கால் கண்ணை இறுக மூடிக் காத்திருந்தார். கொஞ்சநேரம் கழித்துக் கேட்டார்: "எப்பக் கண்ணு ஆரம்பிப்ப?"

"முடிச்சிட்டேனுங்க ஐயா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. நர்ஸ் மெதுவாகத்தான் சொன்னாள். "முள்ளு உங்களக் குத்தாம இல்லீங்க. குத்தறது உங்களுக்குத் தெரியலைங்க. இந்தப் புண்ணு முத்துச்சுன்னா காலையே எடுக்கற நெலம வந்துரும்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "இத்தன வருசமா வரம்னு நெனச்சிட்டிருந்தேன், வாத்தியாரே."

அவருக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. பயப்படுவதையும் அப்படியே செய்தார். மாத்திரை தவறவில்லை. பிளேடைத் தூக்கி எறிந்தார். பழைய ஜீப்பின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்து, தினமும் வாசலில் உட்கார்ந்து உள்ளங்காலைப் பார்த்தார். கண்ணாடியை நம்பாமல் மனைவியைக் கூப்பிடுவார், மனைவியை நம்பாமல் என்னை. "நல்லாப் பாருங்க. பரீட்சப் பேப்பரத் திருத்தறாப்புல பாருங்க" என்பார். விரல் இடுக்கில் ஈரம் இருந்தால் மனைவிக்குத்தான் திட்டு. அந்த அம்மா திட்டையும் வாங்கிக்கொண்டு துடைத்துவிடுவார். கால் போய்விடுமோ என்ற பயம் இவரைவிட அந்த அம்மாவுக்குத்தான் அதிகம்.

புண் ஆறக் கோடை வந்துவிட்டது. கடைசிக் கட்டை அவிழ்த்த நர்ஸ், "ரெண்டு காலும் உங்களுதுதாங்க. ஆனா பாக்கறத மட்டும் விட்றாதீங்க" என்றாள். அந்த அம்மா ஆஸ்பத்திரி என்றும் பாராமல் உட்கார்ந்து அழுதார்.

எனக்கு மாற்றல் வந்து மலையிறங்கும் நாளில் சொல்லிக்கொள்ளப் போனேன். ஏதாவது பெருமை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. வாசலில் நான் கழற்றி வைத்திருந்த ஷூவை எடுத்தார். கவிழ்த்துத் தட்டினார். கல், பூச்சி ஏதும் கிடக்கிறதா என்று உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

"எனக்குத்தான் சக்கர இல்லையேங்க" என்றேன்.

"தெரியுஞ்சாமி. இருந்தாலும் தொலவு போற காலு."

ஷூவை என் முன்னால் வைத்தார். அதைப் போட்டுக்கொள்ள எனக்குக் கொஞ்சநேரம் பிடித்தது.