இரண்டு தலை, ஒரே வயிறு: பதினேழு பிள்ளைகள் எனக்குச் செய்த அநியாயம்

ஆக்லாந்தில் வசிக்கும் மதிப்பிற்குரிய என் அக்கா செஃபீனா அவர்களுக்கு, சவாயீ தீவிலிருந்து தம்பி முலிதாலோ எழுதிக்கொள்வது.

ஆண்டவன் கருணையால் இங்கே நானும் என் மனைவி ஃபிலியும் பிள்ளைகளும் பன்றிகளும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தம்பி அக்காவிடம் குரலை உயர்த்தக் கூடாது என்பது நம் வழக்கம். ஆகவே இதை மெதுவான குரலில் படித்துக்கொள்ளவும். எழுதும்போது நான் அப்படி இல்லை.

பாதிரியார் மகள் லூபேக்கு நீங்கள் ஒரு பெரிய காகிதச் சுருளும் வண்ணங்களும் அனுப்பினீர்கள். சனிக்கிழமைதோறும் தேவாலயக் கூடத்தில் அவள் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். தரை முழுக்கக் காகிதம், அதைச் சுற்றிப் பதினேழு பிள்ளைகள் குப்புறப் படுத்து வரைகிறார்கள், லூபே பிஸ்கட் டின்னைத் தட்டுகிறாள், தட்டுவது நின்றதும் எல்லாரும் எழுந்து ஓர் இடம் தள்ளிப் படுத்து, பக்கத்துப் பிள்ளை பாதியில் விட்ட படத்தைத் தொடர்கிறார்கள். ஒருத்தி வரைந்த படகுக்கு அடுத்தவள் பல் வைக்கிறாள், அதற்கடுத்தவள் அதைக் குளிப்பாட்டுகிறாள்.

"எது யாரு வரைஞ்சதுன்னு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"தெரியக் கூடாதுங்க ஐயா. விளையாட்டே அதுதான்."

"அப்ப பரிசு யாருக்கு?"

"பரிசெல்லாம் இல்லைங்க. நீங்களும் வந்து படுங்களேன், இடம் இருக்கு."

ஊர்ச் சபையின் பேச்சாளரான என்னைப் படுக்கச் சொல்கிறாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றுக்கு அப்பால் உள்ள ஊரோடு கிரிக்கெட்டில் அடிதடியானது உங்களுக்குத் தெரியும். தீவின் இந்தப் பக்கத்துக்கு இருக்கிற ஒரே பஸ் அவர்களுடையது. மூன்று மாதம் அது நம் ஊரில் நிற்கவில்லை. பிள்ளைகள் வெயிலில் நடந்து பள்ளிக்கூடம் போனார்கள், ஃபிலியின் தாய் மருத்துவமனைக்குத் தேங்காய் வண்டியில் போனார். கடைசியில் சமாதானம் பேச அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் தரப்பில் பேச்சாளன் லேசா, நம் தரப்பில் நான். இரண்டு மணி நேரப் பேச்சு, பதினான்கு தலைமுறை வம்சாவளி, மூன்று வாரம் பன்றிகளுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். ஒரு பன்றிகூட எழுந்து போகவில்லை.

சபை வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்ததால் தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்தோம். சபை கூடினால் முதலில் குடிக்கும் ஆவா பானம் சுற்றி வந்தது. நான் தொண்டையைச் செருமிப் பேச ஆரம்பித்தேன். இரண்டாம் தலைமுறை முடிவதற்குள் விருந்தினர் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று கண்டுகொண்டேன். என் தலைக்கு மேலே பார்க்கிறார்கள். ஒருவருக்கு உதடு துடிக்கிறது, இன்னொருவர் இருமுவதுபோலக் குனிகிறார். நம் முன்னோரைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. இனி பஸ்ஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று எழப் போனேன். அப்போதுதான் லேசா கேட்டான்.

"முலிதாலோ, உங்களுக்குப் பின்னாடி சுவத்துல இருக்கறது யாரு?"

திரும்பினேன். லூபே பிள்ளைகளின் படத்தைக் காயவைக்க அங்கே மாட்டியிருந்தாள். ஒரு பக்கத்தில் யாரோ என்னை வரையத் தொடங்கியிருக்கிறார்கள், கையில் கோல், தோளில் ஈயோட்டி, பேச்சாளருக்கு உரிய எல்லாம் முறையாக. மறுபக்கத்தில் யாரோ லேசாவை. பிறகு டின் தட்டித் தட்டி இடம் மாறி மாறி, இரண்டு தலையும் ஒரே வயிற்றில் வந்து சேர்ந்திருக்கின்றன. வயிறு பெரியது. அதற்குப் பன்றிக் கால்கள். ஒவ்வொரு தலையிலும் ஒரு கோழி.

லேசா கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"தலை என்னுது. அந்த வயிறு யாருது?"

"அது உங்களுதுதான்" என்றேன்.

"இல்லைய்யா, தொப்புளைப் பாருங்க. சத்தியமா உங்களுது."

அவ்வளவுதான். அவன் சிரித்தான். அவன் பின்னால் இருந்த எட்டுப் பேரும் தரையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். நம்மவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக ஃபிலி சொல்வதை நம்பவேண்டாம். "ஒரே வயிறுன்னு ஆயிப்போச்சு, சேர்ந்தே சாப்பிட்டுடலாம்" என்று லேசா சொல்ல, சேப்பங்கிழங்கும் மீனும் வந்தன. திங்கட்கிழமை முதல் பஸ் நிற்கிறது.

அக்கா, என் பேச்சில் பன்னிரண்டு தலைமுறை மிச்சம். அதை யார் கேட்பார்கள்? பஸ் ஓட்டுநர் என்னைப் பார்த்ததும் வயிற்றைத் தடவிக் காட்டுகிறான். லூபே உங்கள் பேச்சைத்தான் கேட்பாள். இந்த விளையாட்டை உடனே நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாளும், தாளுக்கொரு வாழைப்பழமும் கொடுத்து, அதைப் பார்த்து வரையச் சொல்லும்படி அவளுக்குக் கண்டிப்பாக எழுதவும்.

உங்கள் வீட்டு வாசல் என்றும் நிறைந்திருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தம்பி,
முலிதாலோ

பின்குறிப்பு: லூபேக்கு எழுதவேண்டாம். ஒரு விளையாட்டைத் தடைசெய்வதற்குமுன் அதை ஆராய்வது முறை என்பதால், சபைப் பெரியவர்கள் ஐந்து பேர் இன்று போய்ப் படுத்தோம். நான் ஒரு மீன் வரைந்தேன். வாலுக்கு வருவதற்குள் டின் தட்டுவது நின்றுவிட்டது. தீனா என்ற ஆறு வயதுக் குட்டி வந்து படுத்து வால் போட்டாள். நான் போட்டிருந்தால் அந்த மீன் அவ்வளவு வேகமாகப் போயிருக்காது.