இருபதாவது கேள்வி: குரல்

"கண்ணிமை உள்பக்கம் சிவப்பு, பாஸ். ஈறு இளஞ்சிவப்பு, பாஸ். மடியில் கட்டி இல்லை, பாஸ்."

தட்சிணாமூர்த்தி ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் நட்டையும் போல்ட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்த தரப் பரிசோதகர். ரிட்டயர் ஆகி, பட்டாபிராம் வீட்டுக்கு ஒரு கறவை ஆடு வாங்கினால் மட்டும் சும்மா விட்டுவிடுவாரா? இருபது கேள்வி கொண்ட படிவமே தயார் செய்திருந்தார். முதல் பீச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டு, பால் திரிந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தாயிற்று. அருமையான பால்.

"ம்ம்மேஏஏ!" என்றது ஆடு.

இருபதாவது கேள்வி, குரல். அதில்தான் ஃபெயில். காலையிலிருந்து ஓயாத கத்தல். பிடிக்காவிட்டால் எட்டு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று ஆட்டை விற்ற செங்கல்வராயன் சொல்லியிருந்தான். ஆனால் இவருக்குத் திருப்பித் தர மனசே இல்லை. மனைவி போய் ஒரு வருஷமாகிறது. அந்த வீட்டில் மூச்சு விடுகிற இன்னொரு உயிர் இப்போது இந்த ஆடுதான்.

பக்கத்து வீட்டு வசந்தகுமாரி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னா சார் இது? எங்க ஊட்டுக்காரரு நைட் ஷிப்டு முடிச்சிட்டு இப்பத்தான் படுத்தாரு."

"எல்லாம் பாஸ்தாம்மா, கத்தல் மட்டும் நிக்கல."

"மந்தைலேர்ந்து பிரிச்சிகினு வந்தா அப்படித்தான். அகத்திக்கீரை போடுங்க. பக்கத்துல குந்திகினு பேச்சு குடுங்க."

ஒரு கட்டு போதும் என்று அவள் சொல்லவில்லை. இவர் நாலு கட்டு போட்டார். ஆட்டுக்கு வயிறு கழிந்து, படிவத்தில் இன்னொரு ஃபெயில் விழுந்தது. அப்புறம் பக்கத்திலேயே உட்கார்ந்து முழங்கால் வலியிலிருந்து மனைவி வைத்த வற்றல் குழம்பு வரை பேசித் தீர்த்தார். மூன்றாம் நாள் வயிறும் அடங்கியது, வாயும் அடங்கியது. இருபதுக்கு இருபது!

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அன்று சாயங்காலம் வீடு கப்சிப் என்று கிடந்தது. ஆடு பாட்டுக்கு அசை போட்டது. அதனிடம் எவ்வளவுதான் பேசுவது, ஒரு 'உம்' கூடக் கொட்டாதே! மதிலுக்கு மேலே இப்போது தலையும் இல்லை. யாராவது வந்து திட்டினாலும் தேவலை என்று இருந்தது.

கொட்டகை மூலைக்குப் போனார். வாயருகே கையைக் குவித்தார்.

"ம்ம்மேஏஏ!"

கேட் திறந்தது. சொம்பில் மோரோடு வசந்தகுமாரி.

"இன்னா சார், மறுபடியும் கத்துதா? நீங்க மோர் குடிங்க மொதல்ல."

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் ஒரு கத்தல், சாயங்காலம் ஒரு கத்தல். எதிர்வீட்டு ஆட்டோ ஜேம்ஸ் வேப்பந்தழையோடு வந்தான். தெருமுனைக் கறிக்கடை பஷீருதீன் பாய் கையைக் கட்டிக்கொண்டு ஆட்டைப் பார்த்தார். அது இரண்டடி பின்னால் போனது. தட்சிணாமூர்த்திக்கு டீ போட்டு மாளவில்லை.

"தெனம் கத்துதே, டாக்டர கூப்ட்டுக் காட்டுங்க சார்," என்றான் ஜேம்ஸ், ஆட்டைப் பார்க்காமல் இவரையே பார்த்து.

மாட்டேன் என்றால் குட்டு உடைந்துவிடுமே! வேறு வழியில்லாமல் போன் போட்டார். கால்நடை டாக்டர் மர்வா ஸ்கூட்டரில் வந்து, காய்ச்சல் பார்த்து, இடது வயிற்றில் கையை வைத்து அசைவை எண்ணி, குளம்பு வரை பார்த்தாள்.

"ஒரு நோயும் இல்ல சார். இவ்ளோ நல்லா இருந்தும் கத்துதுன்னா ஏக்கம்தான். இப்படியே விட்டா பால் வத்திடும். வித்தவர்ட்டயே திருப்பிக் குடுத்துடுங்க."

நம்பரை வாங்கிச் செங்கல்வராயனுக்கு அவளே சொல்லியும் விட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தட்சிணாமூர்த்தி கெட்டது அப்படித்தான்.

எட்டாம் நாள் லோடு வண்டி வந்து நின்றது. தெருவே வாசலில் கூடிவிட்டது. செங்கல்வராயன் கயிற்றை அவிழ்த்து இழுக்க, ஆடு நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மாட்டேன் என்றது.

"அழாத சார். வேற ஆடு தரேன். இது மந்தைக்கே போவட்டும்."

தட்சிணாமூர்த்தி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்ப்பா! அது கத்தலப்பா. இந்த அஞ்சு நாளா நான்தான் கத்தினேன்."

யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"தனியா இருக்க முடியல. அதான்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பஷீருதீன் பாய் மட்டும் முன்னால் வந்து, செங்கல்வராயன் கையிலிருந்த கயிற்றை வாங்கி மறுபடியும் கட்டினார்.

"இன்னா சார் நீங்க! ஆடு கத்துன மூணு நாளும் இந்த கேட்டத் தாண்டி ஒருத்தராச்சும் வந்தோமா? கத்துறது நீங்கன்னு தெரிஞ்சப்புறந்தானே தெருவே வந்துகினு கீது!"