விமானத்துக்கு எஃப்.சி. கொடுப்பது யார்?

அந்தோணியார் துணை
(தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர். இங்கே தொலைந்திருப்பது என் தைரியம்.)

நாமக்கல்,
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை சகாயராஜ் அவர்களுக்கு, மாமனார் பெனடிக்ட் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே உங்கள் அத்தை அக்சிலியா சுகம், கோழிகள் சுகம், நான் மட்டும் சுகமில்லை. அங்கே ஆப்பிரிக்காவில் நீங்களும், உங்கள் போர்வெல் ரிக் வண்டியும், நிறைமாதமாக இருக்கும் ஜெனிட்டாவும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் அத்தையிடம் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை புறப்பட்டு அவள் லுசாகாவில் வந்து இறங்கும்போது, பக்கத்தில் என்னைக் காணோமே என்று நீங்கள் தேடக் கூடாது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். பெண் இந்த நிலையில் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தாய்வீடே விமானம் ஏறி வர வேண்டியதாகிவிட்டது. அதில் பாதி வீடு உங்கள் அத்தை, மீதி நான். நானும் தலையாட்டி, விசா வாங்கி, பெட்டியில் பருப்புப்பொடியும் வேட்டியும் அடுக்கி முடித்த பிறகுதான் டிக்கெட்டை உற்றுப் பார்த்தேன். ஒரு விமானம் இல்லையாம், இரண்டாம். பெங்களூரிலிருந்து வளைகுடா வரைக்கும் ஒன்று. அங்கிருந்து லுசாகாவுக்கு இன்னொன்று, வேறு கம்பெனி, வேறு கண்டம். அங்கேதான் எனக்குச் சந்தேகம் பிறந்தது. ஒரு கண்டத்தில் பத்திரம் என்று சொல்லப்படுவது இன்னொரு கண்டத்திலும் பத்திரம்தானா? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு பத்து நாளாக அலைகிறேன்; கடையைப் பார்த்துக்கொள்வதுகூட அக்சிலியாதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஆரோக்கியத்தைப் பிடித்தேன். பதினைந்து வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். “அந்தப் பக்கத்துப் பிளேனுன்னா கண்ண மூடிட்டு ஏறலாங்க. ஏறுனதும் சூடாத் துண்டு குடுப்பாங்க” என்றான். துண்டு சூடாக இருந்தால் இறக்கை கெட்டியாக இருக்குமா என்று கேட்டேன். “அதெல்லாம் தெரியாதுங்க, நான் மூஞ்சியத் தொடைச்சுட்டுத் தூங்கிருவேன்” என்கிறான். சரியென்று வெண்ணந்தூருக்குப் போய்ப் போர்வெல்காரர் சின்னண்ணனைப் பார்த்தேன். ரிக் வண்டியோடு ஆறு நாடு சுற்றியவர். “ஆப்பிரிக்காவுல நான் ஏறுன பிளேனெல்லாம் பளபளன்னு புதுசுங்க. நம்ம பக்கந்தான் ஒருக்கா சீட்டு பெல்ட்டு கையோட வந்துருச்சு” என்று என் யோசனையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அப்படியானால் எந்தக் கண்டம்தான் பத்திரம் என்றேன். “எறங்குனதுக்கப்புறம் எல்லாக் கண்டமும் பத்திரந்தானுங்க சாமி.”

கடைசியில் ஜெனிட்டாவையே போனில் கேட்டேன். “அப்பா, உலகம் பூரா விதி ஒண்ணுதான். அதும்படி நடக்குதான்னு அவங்கவங்க நாட்டு அதிகாரிங்க பார்ப்பாங்க. சில கம்பெனி சரியில்லைன்னா ஐரோப்பாக்காரங்க உள்ளயே வுட மாட்டாங்க” என்றாள். என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள், பாவம். எனக்கு மிச்சமிருந்த உயிரும் அப்போதுதான் போனது. விதி ஒன்று, பார்க்கிற ஆள் வேறு வேறு என்றால், அது நம்ம லாரி எஃப்.சி. மாதிரியேதானே இருக்கிறது, மாப்பிள்ளை?

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கல்யாணப் பேச்சின்போது ‘டயர் வியாபாரம்’ என்று சொல்லிவைத்தேன். வியாபாரம் இல்லை, வாடகை. வண்டி ரோட்டில் ஓட லாயக்குதான் என்று எஃப்.சி. வாங்கப் போகிற அன்றைக்கு மட்டும் மாட்டிக்கொள்ள நல்ல டயர் கொடுப்பேன். லாரிக்குப் பத்து, வேனுக்கு நாலு. காலையில் மாட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, சாயந்திரம் கழற்றிக் கொண்டுவந்து அடுக்கிவிடுவார்கள். தொழிலுக்கு வந்து எட்டு வருடமாகியும் அந்த டயர்களில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ரோட்டில் ஓடினால்தானே தேயும். இப்படிப்பட்ட நான், எங்கோ ஒரு கண்டத்தில் யாரோ போட்ட கையெழுத்தை எப்படி நம்புவது? எல்லாக் கண்டத்திலும் ஒரு பெனடிக்ட் இருப்பானே. வாடகைக்கு இஞ்சின் கொடுத்து, சாயந்திரம் கழற்றி வாங்கியிருந்தான் என்றால்?

உங்கள் அத்தையிடம் ஒரு சமரசம் பேசிப் பார்த்தேன். “வளைகுடா வரைக்கும் வாரேன், அங்கிருந்து நீ போய்க்கோ.”

“அங்க எறங்கி? டயரு வாடகைக்கு வுடப் போறீங்களாக்கும்” என்றாள். “உங்க டயரைக் காட்டி எஃப்.சி. வாங்குன வண்டியெல்லாம் இந்த ரோட்டுலதான ஓடுது? அதுக்கு நடுவுல தெனமும் மொபெட்டு ஓட்டறீங்க, அப்ப வராத பயம் ஆகாசத்துல வந்துருச்சா? இருங்க. பொறக்கற புள்ள தாத்தன் எங்கீன்னு கேட்டா, எஃப்.சி.க்குப் போயிருக்காருன்னு சொல்லிக்கறேன்.”

ஆகவே, நம்மூர் இளஞ்செழியன் வேனில் பெங்களூர் வரை போய் அவளை ஏற்றிவிட்டு, அதே வேனில் திரும்பிவிடுகிறேன். பேத்தியோ பேரனோ, முகத்தைப் போனில் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பதிலாக அந்த நெற்றியில் உங்கள் அத்தை ஒரு சிலுவை கூடுதலாகப் போடுவாள். ஜெனிட்டாவுக்குச் சுகப்பிரசவம் ஆகும்படியும், உங்கள் ரிக் போட்ட இடத்திலெல்லாம் தண்ணீர் வரும்படியும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மாமனார்
பெனடிக்ட்

பி.கு.: வெள்ளிக்கிழமை, பெங்களூர் விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெட்டிகளை இறக்கி வைத்த இளஞ்செழியன் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்: “ஏனுங்க, ரொம்ப ஒதவிங்க. உங்க நாலு டயரையும் மாட்டித்தானுங்க நேத்து இந்த வேனுக்கு எஃப்.சி. வாங்குனேன். கடையில நம்ம அம்மாதான் எடுத்துக் குடுத்தாங்க. சாயந்தரமே திருப்பிப் போட்டுட்டனுங்க.” குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். என் உச்சந்தலையைப் போல வழவழவென்று இருந்தது. ஒன்றில் கம்பி தெரிந்தது. “வாரப்ப ஏத்தங்க, ஒண்ணும் தெரியாது. திரும்பறப்பத்தான் தொப்பூர் எறக்கத்துல கொஞ்சம் சாமியக் கும்புட்டுக்கோணும். ஏறுங்க, போலாம்.”

அக்சிலியா பையைத் திறந்து என் பாஸ்போர்ட்டை நீட்டினாள். என் டிக்கெட்டை அவள் ரத்து செய்யவே இல்லையாம். என் வேட்டியும் பெட்டியில்தான் இருக்கிறதாம். எனவே இந்தக் கடிதத்தை நானே உங்கள் கையில் தருவேன். தொழிலைப் பற்றி உங்களிடம் ஒப்புக்கொண்ட பத்தியை மட்டும் ஜெனிட்டாவுக்குக் காட்ட வேண்டாம். அந்த இரண்டாவது விமானத்தின் டயர் யாருடையது என்று எனக்கு இன்னும் தெரியாது, மாப்பிள்ளை. என்னுடையது இல்லை, அது போதும்.