கொம்பை அறுத்த கடமானும் மேல்நிலை பைக் தேர்வும்

சாலை போடுவதற்கு முன்பே சாலை விதி போட்டுவிட்ட ஒரு காட்டில் ஏகாம்பரம் என்ற கடமான் வசித்தது. போன கோடையில் அதன் தம்பியைப் பாம்பு கடித்து, மருந்து வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து ஏகாம்பரத்துக்கு ஒரே வைராக்கியம், காட்டின் அவசர மருந்து பைக்கைத் தானே ஓட்ட வேண்டும். இருப்பதோ ஒரே வேலை. அதற்கு மேல்நிலை பைக் தேர்வில் தேறியாக வேண்டும்.

மூன்று மாதம் படாத பாடு பட்டது. சேற்றில் வழுக்காமல் பிரேக் பிடிக்கக் கற்றது. கொண்டை ஊசி வளைவில் கால் ஊன்றாமல் திரும்பியது. தூக்கத்தில்கூட எட்டுப் போட்டது. எல்லாம் கைவந்தது, ஹெல்மெட் மட்டும் தலையில் இறங்கவில்லை. கொம்பு இடித்தது. ஹெல்மெட் இல்லாதவரைத் தேர்வுத் திடலுக்குள்ளேயே விடமாட்டார்களாம்.

கடைசியில் ரம்பத்தை எடுத்தது. மனைவி கோமளம் தலையில் அடித்துக்கொண்டது.

"அந்தக் கொம்பைப் பார்த்துதாங்க எங்கப்பா என்னைக் கட்டிக் குடுத்தாரு!"

"உயிர் காக்கிற வேலை கோமளம். கொம்பா பெருசு?" என்று சொல்லி இரண்டையும் அறுத்தேவிட்டது.

தேர்வு நாளன்று ஹெல்மெட் கச்சிதமாகப் பொருந்தியது. அதிகாரி கரடி விண்ணப்பத்தையும் ஏகாம்பரத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"போட்டோவுல இருக்கிறவர் எங்கே?"

"நான்தாங்க ஐயா."

"இவருக்குக் கொம்பு இருக்கே?"

"ஹெல்மெட்டுக்காக அறுத்துட்டேங்க."

"ஆள்மாறாட்டம்னு எழுதட்டுமா, இல்ல நீங்களே போயிடுறீங்களா? கொம்பு வளர்ந்ததும் வாங்க."

"வளர்ந்தா ஹெல்மெட் நுழையாதுங்களே!"

"அது ஹெல்மெட் செக்‌ஷன். நான் போட்டோ செக்‌ஷன்."

ஏகாம்பரம் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு திரும்பியது. அதற்குள் ஒரு காட்டுப்பன்றி, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, வழியிலிருந்த தடுப்புகளையெல்லாம் இடித்துத் தள்ளியபடி பைக்கில் வந்து நின்றது. கரடிக்கு முகமெல்லாம் பல்.

"இதல்லவா ஒழுங்கு! மூஞ்சி பளிச்சுனு தெரியுது. போட்டோவோட அப்படியே ஒத்துப்போகுது. பாஸ்!"

மருந்துப் பெட்டி பன்றியின் பைக்கில் ஏறியது. முதல் வளைவிலேயே பைக் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், பன்றி ஒரு பக்கம். வயிற்றெரிச்சலோடு ஓடிப்போய்த் தூக்கிவிட்டது ஏகாம்பரம்தான். பன்றிக்கு மண்டை பிளந்திருந்தது. முழங்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

நீதி: தலைக்கவசத்தை முழங்கைக்கே போடுங்கள். தலையைத்தான் அலுவலகம் போட்டோவில் பத்திரமாக வைத்திருக்கிறதே!