மூலை வெட்டின எக்ஸ்ரே

என் உடம்பில் கத்தி படக் கூடாது. பட்டே ஆகணும் என்றால் அது நான் பொணமான பிறகு போஸ்ட்மார்ட்டத்தில் படட்டும். இந்த மாபெரும் தீர்மானத்தை நான் போன மாசி மாசம் எடுத்தேன். எடுத்த இடம், மரக்காணம் உப்பளத்து வரப்பு. எடுத்த நிலை, தவழும் நிலை.

ஆமாங்க, தவழ்ந்துகொண்டுதான் இருந்தேன். பேர் சுப்ராயன். வயசு நாற்பத்தொன்பது. அளத்தில் மேஸ்திரி. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. அன்றைக்குப் பாத்தியில் இறங்கலாம் என்று காலைத் தூக்கினேன். தூக்கின கால் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. உப்பு வாரிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்க்க, மேஸ்திரி நாலு காலில் கரையேறினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

என் சம்சாரம் அமராவதியும் அங்கேதான் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

“இன்னாய்யா, இன்னும் எத்தினி நாளைக்கு இந்தக் கூத்து? ஆபரேஷன் பண்ணிக்கப் போறியா இல்லியா?”

“எண்ணெய் போட்டு நீவுனா சரியாப் பூடும்.”

“ஒரு செக்கு எண்ணெய உன் இடுப்புல ஊத்தியாச்சு. இன்னும் ஊத்துனா வடைதான் சுடணும்.”

எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் சகாதேவன் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணிக்கப் போனார். போகும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு போனார். வரும்போது வேனில் படுத்துக்கொண்டு வந்தார். யாரோடும் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு அண்ணன் முகம்தான் தெரியும்.

அமராவதி விடவில்லை. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி எனக்கு டாக்டர் பார்க்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் டாக்டர், மூட்டை மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைக்கணும் என்றார். வெட்டி எடுத்ததை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முறைத்தார். கழித்துவிட்டேன்.

இரண்டாவது டாக்டர் சென்னையில். “உங்களுக்கு வயசு கம்மி, எலும்பும் கெட்டியா இருக்கு. மொத்தமா வெட்ட வேணாம். தொடை எலும்போட உருண்டையை மேலாக்க சீவிட்டு அதுக்கு உலோகத்துல ஒரு தொப்பி மாட்டலாம். இடுப்புக் குழியில ஒரு கிண்ணம் பதிச்சிடலாம்” என்றார். சொல்லி முடிப்பதற்குள் செல்போனை மூன்று தடவை எட்டிப் பார்த்தார். என் இடுப்பைத் திறந்து வைத்துவிட்டும் இப்படித்தானே எட்டிப் பார்ப்பார்? அவரையும் கழித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அமராவதி ஆரம்பித்தாள்.

“தொப்பி நல்லாத்தானேய்யா இருக்குது? எலும்புக்கு ஒரு ஹெல்மெட்டுன்னு வெச்சுக்கோ.”

“நான் தலைக்கே ஹெல்மெட் போடறதில்ல.”

“உள்ள எதனா இருந்தாத்தானே போடறதுக்கு.”

மூன்றாவது டாக்டர் புதுச்சேரி. பேர் பூவிழி. அனுமந்தையில் ஒரு மீனவருக்கு இந்தத் தொப்பியை மாட்டினது அந்தம்மாதானாம். அமராவதி நேராக அந்த மீனவர் வீட்டுக்கே போனாள். அவரை உட்காரச் சொன்னாள், எழுந்திருக்கச் சொன்னாள், படகில் ஏறி இறங்கச் சொன்னாள். மாட்டுச் சந்தையில்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். அவர் பல்லை மட்டும்தான் பார்க்கவில்லை. பிறகு பஸ் பிடித்து அந்த டாக்டரையே பார்த்துவிட்டு வந்தாள்.

“இதுவரைக்கும் எத்தினி பேருக்குத் தப்பாப் போச்சுன்னு கேட்டேன்யா. மூணு பேருக்குன்னு சொன்னாங்க. ஏன் தப்பாச்சுன்னும் சொன்னாங்க.”

“அடிப்பாவி! அதுக்கா அந்தம்மாவ உனக்குப் புடிச்சிருக்குது?”

“அதுக்குத்தான். மத்த ரெண்டு பேரையும் கேட்டேன், ஒருத்தருக்கும் ஆவலன்னாங்க. தப்ப ஒத்துக்கற ஆளுகிட்டதான் என் புருஷனக் குடுப்பேன்.”

மூணு பேருக்குப் பிறகு நாலாவது நான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாயால் மறுத்துப் பிரயோஜனமில்லை. மூளையை உபயோகிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அமராவதியின் தம்பி ராஜவேல், போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பை எக்ஸ்ரே எடுத்திருந்தான். ஒரு கீறல் கிடையாது. எலும்பா அது, தேக்குக் கட்டை! அந்தப் படத்தைக் கொடுடா என்று கேட்டேன்.

“அக்காவுக்குத் தெரிஞ்சா, மாமா?”

“தெரியாது.”

“எங்க அக்காவுக்கா? தெரியாதா?” என்று என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தான்.

படத்தின் மூலையில் அவன் பேர் அச்சாகியிருந்தது. அந்த மூலையைக் கத்தரித்தேன். யாராவது கேட்டால் எலி கடித்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அதை என் எக்ஸ்ரே கவரில் போட்டேன். என் சொந்த எக்ஸ்ரேயை பீரோவுக்கு அடியில் தள்ளினேன். அப்புறம் வீரமாக, “சரி, பூவிழியம்மாகிட்ட போவலாம்” என்றேன்.

அமராவதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அவங்க இன்னா சொன்னாலும் கேப்பியா?”

“கேப்பேன்.”

“அளத்துக்கு வா. உப்பள்ளிச் சொல்லு.”

எங்கள் அளத்தில் அது ஒரு வழக்கம். தண்ணீர்ச் சண்டையோ வரப்புச் சண்டையோ, எல்லார் முன்னாலும் பாத்தியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளிச் சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. அப்படிச் சொன்ன சொல்லை மீறினவனை மறுபடி யாரும் அளத்தில் சேர்க்க மாட்டார்கள். பக்கிரி ஒரு தடவை மீறினான். இப்போது திண்டிவனத்தில் பரோட்டா போடுகிறான்.

நான் சந்தோஷமாக அள்ளினேன். “பூவிழி டாக்டர் கவர்ல இருக்கற எக்ஸ்ரேவைப் பார்த்து இன்னா சொல்றாங்களோ அதான் முடிவு. வேணாம்னு சொல்லிட்டா அமராவதி அப்புறம் வாயைத் தொறக்கக் கூடாது.”

“தொறக்க மாட்டேன்” என்று அவளும் ஒரு கை அள்ளினாள். மொத்த அளமும் பார்த்துக்கொண்டிருந்தது. பாவம், இவ்வளவு சுலபமாக மாட்டிக்கொண்டாளே என்று எனக்கே அவள் மேல் இரக்கமாகிவிட்டது.

மறுநாள் புதுச்சேரி. டாக்டர் பூவிழி கவரிலிருந்து படத்தை உருவி வெளிச்சத்தில் மாட்டினார். மூலை வெட்டியிருந்தது. எனக்கு நிம்மதி.

“மூலைக்கு என்னாச்சு?”

“எலிங்க, டாக்டர்.”

“ஸ்கேல் வெச்சுக் கடிச்சிருக்கே” என்றவர், என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். இது நான் எதிர்பார்க்காதது. காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பினார். இடுப்புக்குள் யாரோ கடப்பாரையை விட்டு நெம்பின மாதிரி இருந்தது.

“வலிக்குதா?”

“இல்லீங்களே!” என்று சிரித்தேன்.

இன்னும் திருப்பினார். “இப்போ?”

“ஆனந்தமா இருக்குதுங்க.”

“கண்ணுல தண்ணி வருதே?”

“அது... உப்பளத்து உடம்புங்க. தானா கசியும்.”

பல்லைக் கடித்த கடியில் கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டுவிட்டது. அண்ணன் சகாதேவன் முகம் வேறு கண்முன் வந்து நின்றது. ஆனாலும் சிரிப்பை விடவில்லை. டாக்டர் காலைக் கீழே வைத்துவிட்டு, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்படித் தேஞ்ச மூட்டை வெச்சுக்கிட்டு ஆனந்தமா இருக்கற ஆளை நான் இப்பதான் பார்க்கறேன். எலும்போட எலும்பு உரசுது, பாருங்க. ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது.”

“டாக்டர்! அது நல்ல இடுப்புங்க! தேக்குக் கட்டைங்க!”

“யாரோட இடுப்பு?”

நான் வாயை மூடிக்கொண்டேன். அமராவதி திறந்தாள்.

“அவரோடதுதாங்க, டாக்டர். பீரோவுக்கு அடியில தள்ளி வெச்சிருந்தாரு. கவர்ல இருந்த என் தம்பி படத்தை அவன்கிட்டயே குடுத்துட்டு, இத போட்டேன்.”

“அப்ப அந்த மூலை?” என்றேன் ஈனக் குரலில்.

“ராஜவேல் படத்த மேல வெச்சு, நீ வெட்டுன அளவுக்கே நானும் வெட்டுனேன்யா. ரெண்டும் ஒண்ணுபோல இருந்தாத்தானே நீ பஸ் ஏறுவ?”

டாக்டர் சிரிக்கவில்லை. “புதுசா ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கலாம். ஆனா உங்க காலைத் திருப்பறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்ப செஞ்சா தொப்பி மாட்டறதோட போயிடும். தள்ளிப்போட்டா உருண்டையே நொறுங்கிடலாம், அப்புறம் மொத்தமா வெட்டத்தான் வேணும்” என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸிடம் என் ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

ரத்தமெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டேன். நர்ஸ் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அமராவதி, அண்ணன் மாதிரி நானும் வேன்ல வந்துட்டா இன்னா பண்ணுவ?”

அவள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. குரல் உடைந்தது.

“செத்துப் பூடுவோமோன்னு நீ பயப்படற. நீ சாவாம, இப்படியே தவழ்ந்து தவழ்ந்து மூலையில கெடப்பியோன்னு நான் பயப்படறேன். அன்னிக்கு நீ வரப்புல ஏறுனியே, அதப் பாத்ததுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கலய்யா. உன்னத் தூக்கிச் சுமக்க எனக்கும் முதுகுல தெம்பு இல்ல.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அமராவதி என் முன்னால் அழுது நான் பார்த்ததில்லை.

“பயமா இருக்குதுமே” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

“எனக்கு மட்டும் இல்லியா? கையக் குடு.”

அக்குளிலிருந்து கையை எடுத்து நீட்டினேன். பலகை பிடித்துக் காய்த்துப்போன அந்த இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். இவள் கை இருக்கும்போது எமனே வந்தாலும் வரட்டும் என்று ஒரு தைரியம் வந்தது எனக்கு.

“கெட்டியாப் புடிச்சிட்டேன், நர்ஸம்மா” என்றாள் அமராவதி. “சட்டுனு குத்துங்க.”