ஐந்தாவது வரியில் ஒரு திருடன்

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களில் மூன்று இனம் உண்டு. ஸ்டேட்மெண்ட்டைத் திறக்காமலே பணம் கட்டுகிறவர், திறந்து பார்த்துவிட்டுக் கட்டாமல் இருக்கிறவர், துப்பறிகிறவர். முதல் இருவரால் வங்கிக்கு மட்டும்தான் லாப நஷ்டம். மூன்றாமவரால் குடும்பமே ஆடிப்போகும். நாம் பார்க்கப்போவது அவரைத்தான்.

நம் ஆள் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். மாதம் பிறந்து ஐந்தாம் நாள், அலுவலக பிரிண்டரில் ஓசியில் எடுத்த ஸ்டேட்மெண்ட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, வரிக்குக் கீழே அளவுகோலை வைத்து, ஒவ்வொன்றாக இறங்கி வருவார். மளிகை, டிக். பெட்ரோல், டிக். அந்த அரை மணி நேரம் வீட்டில் மிக்ஸிகூட ஓடாது.

இந்த முறை அளவுகோல் ஐந்தாவது வரியில் நின்றுவிட்டது. 'குவான்டோலெக்ஸ் சந்தா', நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. பெயரைக் கேட்டால் பல்வலி மாத்திரை மாதிரி இருந்தது. பழைய காகிதங்களைப் புரட்டினார். எட்டு மாதமாக அதே பெயர், அதே தொகை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவர் கையாலேயே போட்ட சிவப்பு டிக். அந்தக் காகிதங்களை மட்டும் நைசாக ஃபைலுக்கு அடியில் தள்ளினார்.

நீங்களோ நானோ என்ன செய்வோம்? அந்த நிறுவனத்துக்கு ஒரு போன் போடுவோம். அவர் செய்வாரா? திருடனை முதலில் வீட்டுக்குள் தேட வேண்டும் என்பது அந்த இனத்தின் சட்டம். மனைவியைப் பார்த்தார். அவள் திருப்பிப் பார்த்த பார்வையில் சட்டென்று கண்ணை நகர்த்திக்கொண்டார். மகளைப் பார்த்தார். அவளுக்கு ஆறு வயது. மிச்சமிருந்தவன் மச்சினன், வேலை போய், அக்கா வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டிருப்பவன்.

"தம்பி, இந்தக் கார்டை நீ தொட்டிருக்கியா?"

"ஒரு தடவை, பால் வாங்க நீங்கதானே குடுத்தீங்க அத்தான்."

"பால் மட்டும்தான் வாங்கினியா?"

மனைவிக்குச் சுருக்கென்றது. "எட்டு மாசமா பணம் போகுதுங்கறீங்க. அவன் வந்தே மூணு மாசம்தானே ஆச்சு?"

"முன்கூட்டியே பிளான் போட்டிருப்பான்."

மச்சினன் எழுந்தான். சோபாவுக்கு அடியிலிருந்த பையை இழுத்து, சட்டைகளை மடிக்கத் தொடங்கினான். போவதற்கு அவனுக்கு ஒழுங்கான இடம் கிடையாது என்பது அக்காவுக்குத் தெரியும்.

"இருந்து கேட்டுட்டே போகட்டும்," என்று மேற்பார்வையாளர் அந்த நிறுவனத்துக்கு போன் போட்டு, ஸ்பீக்கரையும் அழுத்தினார். சாட்சி வேண்டாமா?

"சார், உங்க நம்பர்லதான் பதிவாகியிருக்கு," என்றது தேனாக ஒரு பெண் குரல். "ஏழு நாள் இலவசம்னு சேர்ந்திருக்கீங்க."

"நானா? எதுல?"

"'மேலதிகாரியிடம் பயப்படாமல் பேசுவது எப்படி?' மொத்தம் முப்பது பாடம் சார். முதல் பாடத்துல நாலு நிமிஷம் பார்த்திருக்கீங்க."

"மிச்சப் பாடத்த எல்லாம் யாருப்பா பாப்பாங்க?" என்றாள் மகள்.

"ரத்து பண்ணிடவா சார்? இல்ல, பாதி விலையில இன்னும் ஆறு மாசத்துக்குப் போட்டுடவா?"

அதுவரை வீட்டில் புலியாக நின்றவர், முகம் தெரியாத ஒருத்தி மரியாதையாகக் கேட்டதும், "சரிம்மா, போட்டுடுங்க," என்றார்.

போனை வைத்ததும் மனைவி சொன்னாள்: "இப்ப அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். பேனாவையும் மூடினார். "பொதுவா, கார்டு விஷயத்துல எல்லாருமே ஜாக்கிரதையா இருக்கணும்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மச்சினன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். ஏற்கெனவே நாலு பேர் படுத்திருக்கும் ஒரு நண்பனின் அறைக்கு அன்று மாலையே போய்விட்டான். அக்கா தெருமுனை வரை கூடப் போனாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சரி, நீங்கள் இந்த இனம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். போன தடவை உங்கள் வீட்டில் ஏதோ ஒன்று காணாமல் போனதே, அப்போது முதலில் யார் முகத்தைப் பார்த்தீர்கள்? அது அலமாரிக்குப் பின்னாலிருந்து அகப்பட்ட பிறகு, அவரிடம் போய்ச் சொன்னீர்களா?