கடைசி பெஞ்சில் நான் உட்கார்ந்த வகுப்பு

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நானும் பாப்பாவும் சௌக்கியம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். 'சௌக்கியம்' என்ற இடத்தில் மை கொட்டியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே, பேனா கசிகிறது. போனில் சொல்லலாம் என்றால் எங்கள் வீட்டில் ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் பாப்பா கைக்குட்டை தேடுவாள். அதனால் என் மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வி நடத்தப் போகிறார்களாம், பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் முதல் சொல்லைப் படித்ததுமே காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், இரண்டாவது சொல்லுக்குப் போகவே இல்லை. பாப்பாவுக்குப் பதினேழு வயது என்பது எனக்குத் தெரியும். தெரிவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு இல்லையா? அவள் அம்மா இறந்துபோன மறுவருஷம் அவள் பெரியவளானபோது, நீதான் வந்து பத்து நாள் இருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாய். அந்தப் பத்து நாளும் நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் என் அனுபவம் அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடாமல் நேரே தலைமை ஆசிரியையிடம் சண்டைக்குப் போனேன். "இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைங்களைக் கெடுக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். அந்தம்மா கோபப்படவே இல்லை. "ஒரு வகுப்பு வந்து உக்காந்து பாருங்க சார். அப்புறம் திட்டுங்க, நானே கேட்டுக்கறேன்" என்றார். நானும் வீம்புக்கு "வரேன்" என்று சொல்லித் தொலைத்தேன். வாய் என்னுடையது அக்கா, யாரைக் குறை சொல்ல?

வியாழக்கிழமை போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்கு, முட்டி இரண்டும் மேஜைக்கு அடியில் சிக்கிக்கொண்டன. மூன்றாவது வரிசையில் பாப்பா என்னைப் பார்த்ததும் நோட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். உயிரியல் டீச்சர் வந்தார். அன்றைக்கென்று பார்த்து அவருக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. மேஜைமேல் ஓர் அட்டைப் பெட்டி. கேட்கக் கூச்சமாக இருக்கிறதைப் பிள்ளைகள் பேர் போடாமல் சீட்டில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்து தெரியக் கூடாதென்று எல்லோரும் இடது கையால் கிறுக்கியிருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். "சார், கண்ணாடிக் கடைக்காரர் நீங்க, எந்தக் கிறுக்கலும் படிச்சிடுவீங்க. ஒவ்வொண்ணா வாசிங்க, நான் பதில் மட்டும் சொல்றேன்" என்றார். எதிர்க்கப் போனவனை வாசிக்க வைத்துவிட்டார்கள், பார்த்தாயா!

டீச்சர் மேஜை பக்கத்தில் போய் நின்றேன். முதல் சீட்டு, மீசை ஒரு பக்கம் மட்டும் வளருகிறது, இது வியாதியா என்று. அடுத்தது, 'ஒருத்திகிட்ட பிடிச்சிருக்குன்னு சொன்னேன். அவ பேசாம நின்னா. அது சம்மதமா?' என்று. "பேசாம நின்னா அது சம்மதம் இல்ல. பயமில்லாம அவளே 'சரி'ன்னு சொல்லணும். சொன்ன பிறகும் மனசு மாறலாம்" என்றார் டீச்சர். என் தலை என்னைக் கேட்காமலே ஆடியது. மூன்றாவது சீட்டில் இருந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரமாட்டேன் என்றது. "இது வந்து... அதாவது..." என்று இழுத்தேன். டீச்சர் எட்டிப் பார்த்து, மூக்கு, காது என்பதுபோல அதைச் சாதாரணமாகச் சொல்லிப் பதிலும் சொல்லிவிட்டார். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அந்த அறையில் வியர்த்துப்போனவன் நான் ஒருவன்தான்.

நான்காவது சீட்டு. 'ஒருத்தனை நம்பி என் படம் ஒண்ணு அனுப்பிட்டேன். இப்ப இன்னும் கேக்கறான். இல்லேன்னா எல்லாருக்கும் காட்டிடுவேங்கறான். அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவார்.'

அக்கா, 'அப்பா' என்ற சொல்லை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். நோட்டு இன்னும் முகத்தை மறைத்துக்கொண்டுதான் இருந்தது. டீச்சர் அந்தக் கட்டிய தொண்டையோடு நிதானமாகச் சொன்னார்: "மிரட்டறவன்தான் குத்தவாளி, நீ இல்ல. இன்னொரு படம் அனுப்பாதே. அவன் அனுப்பின மெசேஜை அழிக்காதே, அதுதான் சாட்சி. நம்பற பெரியவங்க ஒருத்தர்கிட்ட இன்னிக்கே சொல்லு." அதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "எந்தப் பிள்ளை எழுதிச்சோ தெரியாது. என் பிள்ளையா இருந்தா நான் கொல்ல மாட்டேன். கொஞ்சம் கத்துவேன். அப்புறம் அழுவேன். அப்புறம் கூட வருவேன். அவ்வளவுதான்" என்று உளறிவிட்டு, மிச்சச் சீட்டுகளை மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவே சொன்னாள், "அப்பா, அது நான் இல்லப்பா. மூஞ்சியை அப்படி வச்சுக்காதீங்க." "சத்தியமா?" "சத்தியமா." நிம்மதியாக மூச்சு விட்டேன். விட்டதும் வெட்கமாகிவிட்டது. என் பிள்ளை இல்லையென்றால் இன்னொருவர் பிள்ளைதானே?

மறுநாள் சாயங்காலம் அவள் வகுப்புத் தோழி, நாங்கள் ரெட்டைச்சடை என்று கூப்பிடுவோமே, அந்தப் பெண் கடைக்கு வந்தாள். கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். சோதனை அறை விளக்கைத் தணித்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, எதிரே இருந்த எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னேன். கடைசி வரிவரை தப்பில்லாமல் வாசித்தாள். "கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லையேம்மா" என்றேன். பலகையைப் பார்த்தபடியே, "அங்கிள், அந்தச் சீட்டு நான் எழுதினது" என்றாள். சட்டத்துக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. என் கையில் இருந்த லென்ஸ் நழுவித் தரையில் விழுந்தது. நான் கத்தக்கூட இல்லை அக்கா, நேரே இரண்டாவது கட்டத்துக்குப் போய்விட்டேன்.

"அப்பாகிட்ட நீங்க வந்து சொல்றீங்களா?" என்று கேட்டாள். அவள் அப்பா பஸ் டிரைவர், ஆள் வாசல்கதவு அகலம், குரல் அதைவிடப் பெரிசு. முதல் அடி எனக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டுதான் அவளோடு டிப்போவுக்குப் போனேன். நான் சொல்லச் சொல்ல அந்த மனுஷன் பஸ் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றார் மகளிடம். "பயமா இருந்துச்சுப்பா." "என்னைப் பார்த்தா?" என்று கேட்டார். அதை அவர் கேட்ட விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. காக்கிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

நாங்கள் மூன்று பேரும் டீச்சரைக் கூட்டிக்கொண்டு போலீஸுக்குப் போனோம். அழிக்காமல் வைத்திருந்த மெசேஜ்களைக் காட்டியதும் பெண் அதிகாரி அதிகம் கேள்வி கேட்கவில்லை. நான்கே நாளில் அந்த மிரட்டினவனைப் பிடித்து, போனையும் எடுத்துக்கொண்டார்கள். படம் வெளியே போகவில்லை. ரெட்டைச்சடை மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். அவள் சம்மதத்தோடுதான் உனக்கு எழுதுகிறேன், உன்னோடு இருக்கட்டும்.

கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனால் எனக்குப் பயம் விட்டபாடில்லை. பாப்பா மனதில் என்னென்ன கேள்வி இருக்கிறதோ? என்னிடம் வந்து கேட்டால் நான் என்ன செய்வேன்? அவளோடு இதைப் பேச என்னால் முடியவே முடியாது. நீ உடனே லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா. எத்தனை நாளானாலும் சரி, நீயே பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போ.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உன் அன்புத் தம்பி

பி.கு.: நீ வர வேண்டாம். கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் பாப்பா கடைக்கு வந்து, "அப்பா, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். மாடிக்கு ஓடலாம் என்றால் இந்தக் கடைக்கு மாடி கிடையாது. இரண்டு மணி நேரம் பேசினோம். மூன்று கேள்விக்கு நான் தப்பாகப் பதில் சொல்லி, அவள் திருத்தினாள். நான்காவதுக்கு இரண்டு பேருக்குமே பதில் தெரியவில்லை. அதைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் யாரிடமாவது கேட்டு எழுது. பதிலை அவள் பேருக்கு அனுப்பாதே, என் பேருக்கு அனுப்பு. அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான்.